வாசல்ல போனா பணம் போக மாட்டேங்குது (குடும்ப குரூப்)

செல்வி அத்தை: டேய் அருணு, காலையில கீரைக்காரம்மாவுக்கு ஸ்கேன் பண்ணி பின் நம்பரும் போட்டுட்டேன், சுத்திக்கிட்டே இருக்கு. அந்தம்மா கூடையோட அஞ்சு நிமிஷம் கேட் கிட்டயே நின்னாங்க, 40 ரூபாய்க்கு மானமே போச்சுடா

முருகேசன் சித்தப்பா: எனக்கும் அதே தான். மாடிப்படி இறங்கினா வீடியோ கால்ல மூஞ்சி அப்படியே நின்னுடும்

அருண்: அத்தை அப்ப போன்ல வைஃபை எத்தன கோடு இருந்துச்சு?

செல்வி அத்தை: ஒண்ணே ஒண்ணு. ஆனா இருந்துச்சே

அருண்: அதான் வினையே 😔 ரவுட்டர் ஹால்ல டிவிக்கு பின்னாடி இருக்கு, வாசலுக்கு நடுவுல ரெண்டு செவுரு. எந்த வழியா போறதுன்னு முடிவு பண்றது ரவுட்டர் இல்ல அத்தை, உங்க போன் தான், அது செத்துக்கிட்டிருக்கிற வைஃபையவும் லேசுல விடாது, பக்கத்துலயே 5ஜி நல்லா இருந்தாலும் இதையே புடிச்சுக்கிட்டு தொங்கும்

முருகேசன் சித்தப்பா: சரி டேட்டாவுக்கு மாறின பிறகும் சில ஆப் முழிக்குதே, அது ஏன்

அருண்: வைஃபைல ஒரு ஐபி அட்ரஸ், அதாவது நெட்ல போனோட விலாசம், டேட்டால வேற அட்ரஸ் சித்தப்பா. டிசிபின்னு ஆப்பும் சர்வரும் பேசிக்கிற பழைய முறை இருக்கு, அதுல கனெக்ஷனுக்கு அடையாளமே ரெண்டு பக்கத்து அட்ரஸும் போர்ட் நம்பரும் (விலாசத்துல கதவு நம்பர் மாதிரி) தான், அட்ரஸ் மாறினா அது அவ்ளோ தான், முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். 2021ல ஸ்டாண்டர்டா வந்த குவிக்ங்கிற புது முறைல கனெக்ஷனுக்குன்னு தனி ஐடி இருக்கு, அட்ரஸ் மாறினாலும் விட்ட இடத்துல இருந்து போகலாம். ஆப்பிள் 2013லயே ஐஓஎஸ் 7ல சிரி அசிஸ்டன்ட்டுக்கு மல்டிபாத் டிசிபி, அதாவது ஒரே கனெக்ஷனுக்கு ரெண்டு வழியையும் பயன்படுத்துற டிசிபி, போட்டாங்க, வைஃபை படுத்துச்சுன்னா டேட்டா வழியா போயிடும். பணம் அனுப்புற ஆப்புக்கு தான் இதெல்லாம் முதல்ல வேணும், வெயில்ல நிக்கிறது அந்தம்மா தானே

செல்வி அத்தை: இப்ப நான் என்னடா பண்ணனும்

அருண்: உங்களது சாம்சங் தானே, வைஃபை பக்கத்துல மேல மூணு புள்ளி, இன்டெலிஜென்ட் வைஃபை, அதுல ஸ்விட்ச் டு மொபைல் டேட்டாவ ஆன் பண்ணுங்க. சித்தப்பா ஐபோன்ல மொபைல் டேட்டா செட்டிங்ஸ்ல கடைசி வரைக்கும் போங்க, வைஃபை அசிஸ்ட்னு இருக்கும். அப்புறம் அத்தை, பெண்டிங்னு காட்டினா அவசரப்பட்டு ரெண்டாவது தடவ அனுப்பிடாதீங்க, ஹிஸ்டரிய பாத்துட்டு அனுப்புங்க

செல்வி அத்தை: ஆன் பண்ணிட்டு வாசலுக்கே போய் நின்னு பாத்தேன்டா. துளசி மாடத்த தாண்டுறதுக்குள்ள வைஃபை குறி போயி 5ஜின்னு வந்துருச்சு

செல்வி அத்தை: நாளைக்கு அந்தம்மாவுக்கு மொதல்ல பணம், அப்புறம் தான் கீரை 🙏