கடலோர சித்திரக்குள்ளர் நாடு: நிலம், மழை, மிருகங்கள் எப்படி அமைக்கலாம்?

மணல்மேடு:
வணக்கம் மக்களே. ஒரு ஃபேன்டஸி நாவல் எழுதிட்டு இருக்கேன், அதுல மூணரை அடிக்கு மேல வளராத சித்திரக்குள்ளர்கள் வாழ்ற ஒரு கடலோர நாடு வருது. இப்போதைக்கு மேப்ல ஒரு பெரிய கண்டத்தோட தெற்கு ஓரமா வச்சிருக்கேன், வடக்க மலை, மலைய தாண்டுனா மனுஷங்க ராஜ்ஜியம், வருஷம் முழுக்க பச்சைப்பசேல்னு இருக்கும், காட்ல புலி, கரடி, யானை எல்லாம் உண்டு. ஆனா மனசு ஒப்பல. அவங்க ஏன் குள்ளமா இருக்காங்க, ஏன் அங்க மட்டும் இருக்காங்கன்னு படிக்கறவங்க கேட்டா அந்த மண்ணும் கடலும் பதில் சொல்லணும், மந்திரம்னு சொல்லி தப்பிக்க எனக்கு இஷ்டமில்ல. நெஜத்துல இதுக்கு பக்கத்துல வர்ற இடம் ஏதாவது இருக்கா?

கல்லும் எலும்பும்:
இருக்குங்க, இந்தோனேசியால ஃப்ளோரஸ் தீவு. 2003ல அங்க லியாங் புவாங்கற சுண்ணாம்புக்கல் குகைல தோண்டும்போது வளர்ந்த ஒரு பொண்ணோட எலும்புக்கூடு கெடச்சுது, உயரம் 106 செ.மீ. தான், மூளை அளவு நம்மளோடதுல மூணுல ஒரு பங்குதான் வரும், ஆனா அதே குகைல கல் ஆயுதங்களும் கெடச்சுது. அடுத்த வருஷமே ஹோமோ ஃப்ளோரசியென்சிஸ்னு தனி மனித இனமா அறிவிச்சாங்க. அந்த தீவுல 7 லட்சம் வருஷத்துக்கு முந்தின எலும்புகளும் கெடச்சிருக்கு, அவங்களும் குள்ளம்தான்.

அதனால முதல் வேலையா உங்க நாட்ட கண்டத்துல இருந்து வெட்டி எடுத்துடுங்க. பெரிய மிருகம் தீவுல மாட்டுனா தலைமுறை தலைமுறையா சிறுசாகும், ஏன்னா தீனி கம்மி, பெரிய உடம்பு இருந்தாதான் தப்பிக்க முடியும்ங்கற அளவுக்கு கொன்னு தின்ற மிருகமும் இல்ல. சின்ன மிருகத்துக்கு நேர் தலைகீழ், அது பெருசாகும். ஃப்ளோரஸ்ல இது ரெண்டுமே நடந்திருக்கு. யானைக்கு சொந்தக்கார மிருகமான ஸ்டெகோடான் அங்க எருமை சைஸுக்கு இறங்கிடுச்சு, எலி ஒண்ணு வாலை விட்டுட்டு அளந்தாலே 40 செ.மீ. தாண்டும், அந்த எலி இன்னைக்கும் அங்க உயிரோட இருக்கு. இதோட 1.8 மீட்டர் உயரத்துல ஒரு பெருநாரை வேற, ஒரு மீட்டர் உயர ஆள் அது பக்கத்துல நின்னா எப்படி இருக்கும்னு நெனச்சு பாருங்க, குழந்தைய தனியா வெளிய விட முடியுமா? கொமோடோ உடும்பும் அதே தீவுதான். புலி கரடியெல்லாம் எடுத்துடுங்க, ஆழமான கடல தாண்டி அதுங்க வர்றது கஷ்டம். உங்க ஊர்ல பயப்பட வேண்டியது பறவையும் ஊர்வனவும்தான், புலிய விட அதுதான் படிக்கறவங்கள உலுக்கும்.

ஒண்ண மறந்துடாதீங்க, தீவு கரைக்கு கிட்ட இருக்கறதா வரையாதீங்க. பனியுகத்துல கடல் 120 மீட்டர் போல இறங்குச்சு, அப்போ ஆழமில்லாத கடலெல்லாம் தரையாகி ஜாவா, சுமத்ரா வரைக்கும் ஆசியாவோட ஒட்டிக்கிச்சு. ஃப்ளோரஸ் ஒட்டவே இல்ல, நடுவுல இருக்கற ஜலசந்தி அவ்ளோ ஆழம். அந்த ஆழம்தான் அந்த குள்ளர்களையே உருவாக்குச்சுன்னு பல ஆய்வாளர்கள் நெனைக்கறாங்க.

தென்காத்து:
காலநிலை பத்தி நான் சொல்றேன். வருஷம் முழுக்க பச்சைனு வைக்காதீங்க தயவுசெஞ்சு, அப்படி ஒரு நாட்ல கதையே நகராது. ஃப்ளோரஸ் பக்கம் டிசம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் நல்ல மழை, அப்புறம் ஆஸ்திரேலியா பக்கமிருந்து வறண்ட தென்கிழக்கு காத்து அடிக்க ஆரம்பிச்சா அக்டோபர் வரைக்கும் வறட்சிதான், வடக்கு கடற்கரை புல்லெல்லாம் பழுப்பா மாறிடும். ஆனா அதே தீவுல மேற்கு மலைல ருட்டெங் ஊர் 1000 மீட்டருக்கு மேல இருக்கு, அங்க குளிரும் மழையும். ஒரே தீவுல ரெண்டு உலகம். உங்க ஆளுங்கள அந்த மலைக்கு அனுப்பும்போது குளிர நல்லா காட்டுங்க, சின்ன டம்ளர் காபி சீக்கிரம் ஆறிடும்ல, சின்ன உடம்பும் அப்படித்தான் சூட்ட சீக்கிரம் விட்டுடும், அதனால எடைக்கு எடை பாத்தா நம்மள விட அதிகமா சாப்பிடணும். கடற்கரை வெக்கைல அதே சின்ன உடம்பு அவங்களுக்கு வசதி.

எரிமலைய கண்டிப்பா வைங்க, மண்ணுக்கு சத்து அதுலருந்துதான் வருது. கூடவே ஆபத்தும் வரும். 1992 டிசம்பர்ல ஃப்ளோரஸ்ல 7.8 அளவுல நிலநடுக்கம் வந்து, அதுலயும் அப்புறம் வந்த சுனாமிலயும் சேர்த்து 2000 பேருக்கு மேல செத்தாங்க. அதனால தலைநகர கடற்கரைல வைக்காதீங்க, ஊர் மேட்ல இருக்கணும், கீழ மணல்ல படகும் மீன் காயவைக்கற பந்தலும் மட்டும் போதும்.

பனங்காட்டு தங்கம்:
தென்காத்து அண்ணன் சொன்ன வறண்ட காலத்துல மக்கள் என்ன சாப்பிடுவாங்கங்கறதுக்கு என்கிட்ட ஒரு பதில் இருக்கு. அந்த பக்கம் ரோட்டே, சவுன்னு ரெண்டு வறண்ட தீவு இருக்கு, அங்க நிக்கறது நம்ம பனைமரமேதான், அதே இனம். மழை நின்னதும் ஏறி பாளை சீவி பதநீர் இறக்கி காய்ச்சி பாகா வச்சுக்குவாங்க, அத தண்ணில கரைச்சு குடிச்சே பொழுத ஓட்டுவாங்க, நமக்கு பதநீர் வெயில் காலத்துக்கு குடிக்கறதுன்னா அவங்களுக்கு அது சாப்பாடு. ஓலைலயே தண்ணி மொள்ற வாளி, தொப்பி, சசாண்டோன்னு ஒரு வாத்தியத்துக்கு கூடு கூட அந்த ஓலைதான். மூணரை அடி ஆள் எடை கம்மி, பனை ஏறுறதுக்கு அவங்கள விட்டா ஆள் கெடையாது. நெல்லு வயல், தோட்டம்னு பொதுவா எழுதறத விட இத எழுதுங்க, எனக்கு ரொம்ப ஆசையா இருக்கு.

மணல்மேடு:
எல்லாருக்கும் நன்றி, அந்த நாரைய கண்டிப்பா எடுத்துக்கறேன். ஒரே ஒரு சிக்கல், கதைல மனுஷங்க ராஜ்ஜியத்தோட வியாபாரம் நடந்தே ஆகணும். ஆழமான ஜலசந்திக்கு அந்தப்பக்கம் தீவா ஒதுக்கிட்டா யாரும் வரவே முடியாதே, அத எப்படி சமாளிக்கறது?

நீரோட்டம்:
அந்த ஜலசந்திதாங்க உங்க கதையோட பெரிய சொத்து. பசிபிக்ல இருந்து இந்து மகாசமுத்திரத்துக்கு தண்ணி இறங்குற வழி அந்த தீவுகளுக்கு நடுவுலதான் போகுது, கொமோடோ தீவுக்கும் ஃப்ளோரஸுக்கும் நடுவுல ஓட்டமும் சுழலும் பயங்கரம். ஆனா கடல் தண்ணி ஏறி இறங்குறதுக்கு நடுவுல கொஞ்ச நேரம் தண்ணி அடங்கும், அந்த நேரம் தெரிஞ்சவன் தாண்டுவான், தெரியாதவன் பாறைல மோதுவான். அந்த கணக்க உங்க குள்ளர்கள் கைல குடுத்துடுங்க. மனுஷங்க கப்பல் எவ்ளோ பெருசா இருந்தாலும் ஒரு குள்ள மாலுமி முன்னாடி நின்னு வழி காட்டாம உள்ள வர முடியாது. படையெடுப்பு ஏன் நடக்கலங்கறதுக்கும் அதுவே பதில்.

அந்த கடல்ல கீழ இருந்து குளிர்ந்த தண்ணி மேல ஏறி வர்ற இடங்கள் இருக்கு, அதுல சத்து ஜாஸ்தி, மீன் குவியும், மந்தா திருக்கை வரும், சவு தீவு பக்கத்து கடல்ல நீலத்திமிங்கலமும் ஸ்பெர்ம் திமிங்கலமும் போகும். லெம்பாட்டா தீவுல லமலேரான்னு ஒரு ஊர், விவசாயத்துக்கு நிலமே கெடையாது, மரப்படகுல போய் ஸ்பெர்ம் திமிங்கலத்து மேல ஈட்டியோட குதிச்சு பிடிப்பாங்க, அந்த கறிய மலை ஊர்க்காரங்களுக்கு குடுத்து மக்காச்சோளம் வாங்குவாங்க. உங்க நாட்டுக்குள்ளயும் கடற்கரைக்காரங்க, மலைக்காரங்கன்னு ரெண்டா பிரிச்சு நடுவுல ஒரு பண்டமாத்து சந்தை வைங்க. அலையாத்தி காட்டு ஓரமா வைக்காதீங்க, உப்புத்தண்ணி முதலை இருக்கும், மேட்ல வைங்க. மேப் திருத்துனதும் இங்க போடுங்க, ஜலசந்தில ஓட்டம் எந்த பக்கம் போகும்னு நான் கோடு போட்டு தர்றேன்.