கோவை விடுதிக்குப் போகும் மகள்: அனுபவப்பட்ட பெற்றோர் வழி சொல்லுங்கள்

வணக்கம். நாங்கள் குடியாத்தம். என் மகளுக்குக் கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. எங்கள் குடும்பத்தில் வெளியூர் விடுதியில் தங்கிப் படிக்கப் போகும் முதல் பிள்ளை அவள்தான்.

வாளி, பூட்டு, போர்வை எல்லாம் வாங்கிவிடுவோம். சான்றிதழ் நகல்கள் தயார். ராகிங் பற்றியும் பேசிவிட்டோம். 1800-180-5522 என்ற தேசிய உதவி எண்ணை அவளே கைப்பேசியில் பதிந்துகொண்டாள்.

என் கவலையெல்லாம் அவளுடைய வீசிங்தான். சிறு வயதிலிருந்தே இன்ஹேலர் உண்டு. வேலூர் வெயிலில் வளர்ந்தவள்; பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குப் பருவக்காற்று அவளுக்குப் புதிது. மருந்துச் சீட்டின் நகலை வார்டனிடம் கொடுத்தால் போதுமா, அறைத்தோழிகளிடமும் சொல்லிவைக்க வேண்டுமா? சொன்னால் நோயாளி என்று ஒதுக்குவார்களோ என்று அவள் தயங்குகிறாள். சொல்லத்தான் வேண்டும் என்பது என் எண்ணம். இரவில் மூச்சு முட்டினால் முதலில் எழுந்து உதவப்போவது பக்கத்துக் கட்டில் பிள்ளைதானே! இதை அவள் மனம் நோகாமல் எப்படிப் புரியவைப்பது?

இன்னொன்று. முதல் வார இறுதியிலேயே போய்ப் பார்க்கலாமா? காட்பாடியில் காலையில் கோவை எக்ஸ்பிரஸ் ஏறினால் பிற்பகலில் போய்விடலாம். ‘உன்னைப் பார்த்தால் அழுது கூடவே கிளம்பிவிடுவாள், ஒரு மாதம் பொறு’ என்கிறார் அவள் அப்பா. எனக்கு மனம் கேட்கவில்லை. நீங்கள் என்ன செய்தீர்கள்?

அந்த வளாகத்தில் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள், குறிப்பாக வீசிங் உள்ள பிள்ளைகளின் பெற்றோர், தயவுசெய்து எழுதுங்கள். நள்ளிரவில் அவசரம் என்றால் அங்கே யாரை அழைப்பது என்று சொன்னால் பெரிய உதவி.