புதுப்பிப்பு: கட்டுப்பாட்டை இழந்த பாய்ப்படகு, காரணம் கிடைத்துவிட்டது

சென்ற மாதம் வண்டியூர்க் கண்மாயில் எங்கள் குழு நடத்திய பந்தயத்தில், கரையில் நின்று ரேடியோ ரிமோட்டால் ஓட்டும் என்னுடைய ஒரு மீட்டர் நீள மாதிரிப் பாய்ப்படகு கரையிலிருந்து 60 அடி தாண்டியதும் சுக்கானும் பாயும் சொன்னபடி கேட்காமல் போனதைப் பற்றி எழுதியிருந்தேன். பேட்டரியே காரணம் என்று அப்போது ஊகித்தேன். அந்த ஊகம் தவறு.

மேல்மூடியைத் திறந்து பார்த்தபோது, ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவரின் மெல்லிய ஆன்டெனாக் கம்பி படகின் அடியில் ஒட்டிக் கிடந்தது. அதாவது, நீர்மட்டத்துக்குக் கீழே. ரிமோட் அனுப்பும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளை நீர் பெரிதும் உறிஞ்சிவிடும் என்பதால், கரையோரத்தில் ஒழுங்காக ஓடிய படகு, தொலைவு கூடி, காற்றில் ஒரு பக்கம் சாய்ந்தவுடன் சிக்னலை இழந்திருக்கிறது. (புதுப் பேட்டரிக்குக் கொடுத்த காசு வீண்தான்.) இப்போது அந்தக் கம்பியை ஓர் உறிஞ்சுகுழலுக்குள் செருகி, மேல்தளத்தை ஒட்டி நிமிர்த்தி வைத்து, டேப் ஒட்டியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, முன்பு கைவிட்ட அதே தொலைவையும் தாண்டி ஓட்டிப் பார்த்தேன், ஒருமுறைகூடப் பிசகவில்லை. மிச்சமுள்ள தொல்லை ஆகாயத்தாமரைதான்: படகு கவிழாமலிருக்க அதன் அடியில், நீருக்குள் 42 சென்டிமீட்டர் வரை இறங்கும் ஈயக்குண்டில் அந்தச் செடியின் வேர் சிக்கிக்கொண்டால், இடுப்பளவு நீரில் இறங்கித்தான் படகை மீட்க வேண்டியிருக்கிறது.