ஜெர்சியில் உதிர்ந்த புள்ளி: திருப்பிக் கொடுக்கப் போன அனுபவம் உங்களுக்கும் உண்டா?

வடசென்னைக்காரன்:

மகனுக்கு வாங்கிய அர்ஜென்டினா ஜெர்சி. வியாசர்பாடியில் எங்கள் தெருப் பையன்கள் பாதிப் பேர் முதுகிலும் பத்தாம் எண்தான். அதனால் இவன் தனக்குப் பெயர் தமிழில் வேண்டும் என்றான். “மெஸ்ஸி”. ஜெர்சி 650 ரூபாய், பெயரும் எண்ணும் ஒட்டித் தர 250. எல்லாம் ஒரே கடை.

பதினோராவது நாள், இரண்டாவது துவையலில், ‘ஸ்’ மேலிருந்த புள்ளி போய்விட்டது. கொடியிலிருந்து எடுத்து மடிக்கும்போதுதான் பார்த்தேன். மற்ற எழுத்துகள் எல்லாம் கெட்டியாக இருக்கின்றன, புள்ளி மட்டும் இல்லை. அன்று மாலை ஆட்டத்தில் எதிரணிப் பையன்கள் எழுத்துக் கூட்டி “மெஸஸி, மெஸஸி” என்று இவனைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

மறுநாள் அவனையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் ஜெர்சியை மேசையில் விரித்துப் போட்டார். பெருவிரல் நகத்தை ‘மெ’யின் கொம்புக்கு அடியில் கொடுத்து நெம்பினார். வரவில்லை. “பாருங்கள், எவ்வளவு பிடிப்பாக இருக்கிறது! ஒரு புள்ளிதானே சார், யார் கவனிக்கப்போகிறார்கள்?” என்றார். மகன் சட்டென்று ஜெர்சியை இழுத்துச் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டான். இன்னொரு முறை நெம்பினால் மிச்ச எழுத்தும் வந்துவிடும் என்று அவனுக்குப் பயம். ஐந்தாம் வகுப்புதான் படிக்கிறான்.

பில்லின் அடியில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று அச்சிட்டிருந்ததை அவர் விரலால் தட்டிக் காட்டினார். பேசாமல் வந்துவிட்டோம். ஒரு வாரம் ஆகிறது. யார் கவனிக்கப்போகிறார்கள் என்று என் பிள்ளையின் முன்னால் கேட்டது மனதை விட்டுப் போகவில்லை. இப்படிப் போய் நியாயம் கிடைத்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

ஈஸ்ட்ஹாம் அம்மா:

உங்கள் மகன் ஜெர்சியை அணைத்துக்கொண்டான் என்று வாசித்ததும் என் மகளின் முகம்தான் நினைவுக்கு வந்தது. அவளுக்குப் பன்னிரண்டு வயது, ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்கள் அணியில் ஆடுகிறாள். இங்கே லண்டனில் ஒரு பெரிய கடையில், பெயரும் எண்ணும் போட்டு வாங்கினோம். பத்தொன்பதாம் நாள் அக்குளுக்குக் கீழே தையல் விட்டது. அரிசிச் சாக்கின் வாயில் சரியான நூலைப் பிடித்து இழுத்தால் ஒரே இழுப்பில் முழுவதும் பிரியுமே, அப்படிப் பிரிந்தது. துணி கிழியவில்லை. முடிவில் நூலைக் கட்டாமல் விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கடையின் மேலாளர் ஜெர்சியை உள்புறம் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு ஜெர்சியை விட்டுவிட்டு என் மகளைப் பார்த்தார், தலையிலிருந்து கால்வரை. “இவருக்கு இந்த அளவு இறுக்கமாக இருந்திருக்கும்” என்றார். மகள் தன் மேலங்கியின் சிப்பை மெதுவாகக் கழுத்துவரை இழுத்து மூடினாள்.

எனக்கு ஆங்கிலத்தில் சண்டை போட வராது. ஆனால் அன்று விடவில்லை. 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, குறையுள்ள பொருளை 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம் என்று தாளில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். பெயர் போட்ட ஜெர்சியைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்றார். இணையத்தில் வாங்கியவர் மனம் மாறித் திருப்பும்போதுதான் அந்த விதிவிலக்கு, பொருளே பழுதென்றால் பெயர் போட்டிருந்தாலும் எடுக்க வேண்டும் என்றேன். உள்ளே போய்த் தொலைபேசியில் கதைத்துவிட்டு வந்து, பெயர் போட்ட காசையும் சேர்த்துத் தந்தார்.

பணம் வந்தது. மகள் இப்போது எதை வாங்கினாலும் ஒரு அளவு பெரிதாகக் கேட்கிறாள்.

ஸ்டாப்பர் பேக், கோவை:

வடசென்னைக்காரன் அவர்கள் வருத்தப்பட வேண்டாம், ஆனால் நீங்கள் எழுதியதில் ஒரு முக்கியமான விஷயம் இல்லை. எப்படித் துவைத்தீர்கள்? அதைச் சொல்லாமல் கடைக்காரரைக் குறை சொல்வது சரியாகப் படவில்லை.

நானும் சூடுபட்டவன்தான். 2014 உலகக் கோப்பைச் சமயத்தில் வாங்கிய ஜெர்மனி ஜெர்சி, முல்லரின் 13ஆம் எண். கல்யாண வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் மேலேயே இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டேன். தூக்கும்போது ‘3’ பெட்டியோடு வந்தது. அந்தக் கருகல் வாடை இன்றைக்கும் மூக்கில் இருக்கிறது.

அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன், எல்லாருக்கும் பயன்படும். ஒட்டிய நாளன்றே துவைக்கக் கூடாது, குறைந்தது ஒரு நாள் விட வேண்டும். ஜெர்சியை உள்புறம் வெளியே வருமாறு திருப்பிவிட்டுத்தான் தண்ணீரில் போட வேண்டும். வெந்நீர் கூடாது. இரவு முழுக்க ஊறவைப்பது மிகப் பெரிய தவறு, தண்ணீர் ஓரம் வழியாகப் பசைக்குள் இறங்கும். பிரஷ் போடக் கூடாது, சலவைக் கல் பக்கமே கொண்டுபோகக் கூடாது. வாசனைக்காக ஊற்றும் துணி மென்மையாக்கி வேண்டவே வேண்டாம், அது வியர்வையை இழுக்கும் இழைகளின் மேல் படிந்து அடைத்துக்கொள்ளும். இயந்திரத்தில் போட்டால் ஜீன்ஸ், கொக்கி வைத்த உடுப்பு எதையும் கூடப் போடாதீர்கள். முறுக்கிப் பிழியாதீர்கள். நிழலில் காயட்டும். மடிக்கும்போது எழுத்தும் எழுத்தும் முகத்தோடு முகம் ஒட்டாமல் நடுவில் ஒரு தாள் வையுங்கள், கோடைக்காலத்தில் பீரோவுக்குள் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். இஸ்திரி போட்டே ஆக வேண்டுமென்றால் உள்புறமாக, எண் இல்லாத இடத்தில் மட்டும்.

இத்தனையும் செய்தும் உதிர்ந்தால் அப்போது கடைக்காரரைக் கேளுங்கள். நான் பார்த்தவரை பாதி ஜெர்சிகள் வீட்டில்தான் கெடுகின்றன.

வடசென்னைக்காரன்:

ஐயா, என் அம்மா துவைத்தார். வாளியில் பச்சைத் தண்ணீர், உள்புறம் திருப்பி, கையால் அலசி, பால்கனி நிழலில். பேரனின் ஜெர்சி என்று தன் பட்டுப்புடவையைப் போலப் பார்த்துக்கொள்கிறார். இதையெல்லாம் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்தான். ஆனால் கடைக்காரர் அதைக் கேட்கக்கூட இல்லை. புள்ளி போனதை அவர் மறுக்கவும் இல்லை. அது பெரிய விஷயமே இல்லை என்றார். நான் கேட்பது அதைப் பற்றி.

தூத்தூர் கடற்கரை:

துவைத்த விதம்தான் காரணம் என்பவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2016 யூரோ கோப்பையில் ஜூன் 19, லீல் நகரில் பிரான்ஸும் சுவிட்சர்லாந்தும் ஆடிய ஆட்டத்தைப் பார்த்தீர்களா? சுவிஸ் வீரர்களின் ஜெர்சிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிழிந்து தொங்கின. ஷாகா, எம்போலோ என்று வரிசையாக மாற்றிக்கொண்டே இருந்தார்கள். தயாரிப்பின்போது நூல் சேதமடைந்த ஒரு தொகுதித் துணி கலந்துவிட்டது என்று பூமா நிறுவனமே பிறகு ஒப்புக்கொண்டது. அந்த வீரர்களின் வீட்டில் யாரும் கல்லில் அடித்துத் துவைக்கவில்லை.

என்னுடையது இணையத்தில் வாங்கியது. வீரர்கள் அணியும் வகை என்பதால் சின்னம் தையல் இல்லாமல் சூட்டில் ஒட்டியது. பிரித்த அன்றே சின்னத்துக்கு அடியில் காற்றுக் கொப்புளம். திருப்பி எடுக்க வந்த கூரியர்த் தம்பி மழையில் வாசலில் நின்று, கைபேசியில் இருந்த படத்தையும் கழுத்து அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். அட்டை கோத்திருந்த பிளாஸ்டிக் இழை அறுந்திருந்தது. “அண்ணா, இதை எடுத்துக்கொண்டு போனால் என் சம்பளத்தில் பிடிப்பார்கள்” என்றார். நான் கோபமாக எழுதி வைத்திருந்த ஒரு வார்த்தையையும் அவரிடம் சொல்ல முடியவில்லை. உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தேன். ஜெர்சி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, கொப்புளத்தோடு.

திருப்பூர் அச்சுக்காரன்:

பதினாறு வருடமாக ஜெர்சிகளுக்குப் பெயரும் எண்ணும் போடுகிறேன். வடசென்னைக்காரரே, உங்கள் அம்மாவின் மேல் எந்தத் தவறும் இல்லை. அந்தப் புள்ளி ஏன் போனது என்று பார்க்காமலேயே சொல்லிவிடுவேன்.

பெயர் எங்கே வரும்? கழுத்துப் பட்டைக்குக் கீழே. தமிழில் புள்ளி எங்கே இருக்கும்? எழுத்துக்கு மேலே. அதாவது கழுத்துத் தையலுக்கு மிக அருகில். தையல் தடிப்பாக இருக்கும். சூட்டுப் பலகையை இறக்கும்போது அது அந்தத் தடிப்பின் மேல் உட்கார்ந்துகொள்ளும், பக்கத்தில் இருக்கும் இடத்துக்கு அழுத்தம் போகாது. சூடு போகும், அழுத்தம் போகாது. பசை உருகும், ஆனால் இழைக்குள் இறங்காது. கழுத்தை மேடையின் விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டு அடிக்க வேண்டும், இல்லையென்றால் அடியில் ஒரு மெத்தைத் துண்டு கொடுக்க வேண்டும். அவசரத்தில் பலர் செய்வதில்லை. போதாததற்கு அது மூன்று, நான்கு மில்லிமீட்டர் வட்டம். பெரிய எழுத்துக்கு ஓரம் கொஞ்சம், பரப்பு அதிகம். புள்ளிக்கு முழுவதுமே ஓரம்தான். தண்ணீர் முதலில் அங்கேதான் நுழையும். தமிழ்ப் பெயர் கேட்டால் நான் புள்ளியைக் கொஞ்சம் பெரிதாக்கித்தான் வெட்டுவேன்.

இப்போது நான் ஏன் இதை எழுத வந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கிராமத்து அணிக்குப் பதினெட்டு ஜெர்சி. நல்ல சிவப்பு பாலியஸ்டர், வெள்ளை எண். இரவு பதினோரு மணிக்கு அடித்து முடித்தேன், வெள்ளை பளிச்சென்று இருந்தது. அடுத்த நாள் இறுதி ஆட்டம். காலை ஐந்தரை மணிக்கு அணித் தலைவர் கதவைத் தட்டினார். கையில் ஒரு ஜெர்சி. எண் ரோஜா நிறமாகியிருந்தது. பதினெட்டும் அப்படியே.

பாலியஸ்டர் சாயம் அதிகச் சூட்டில் ஆவியாகி மேலே ஒட்டியிருக்கும் படலத்துக்குள் ஏறும். அடித்த உடனே தெரியாது, சில மணி நேரம் கழித்து, சில சமயம் சில நாள் கழித்துத் தெரியும். அதைத் தடுக்கும் படலம் உண்டு, குறைந்த சூட்டில் ஒட்டும் வகையும் உண்டு. விலை கூடுதல். நான் போடவில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அந்தப் பையனிடம் என்ன கேட்டேன் தெரியுமா? “வண்டியில் வெயில் படுகிற மாதிரி வைத்தீர்களா?” என்று. நடுராத்திரியில் எடுத்துக்கொண்டு போன துணிக்கு வெயிலாம். அவர் பதில் சொல்லவில்லை. ஜெர்சியைத் தன் முழங்கால் மேல் வைத்து, எண்ணின் மேல் உள்ளங்கையால் தடவிக்கொண்டே நின்றார், துடைத்தால் போய்விடும் என்பதுபோல.

அவர்கள் அந்த ஜெர்சியிலேயே ஆடினார்கள். பத்து நாள் கழித்து நானே புதிதாக அடித்து எடுத்துக்கொண்டு போனேன். வாங்கிக்கொண்டார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். அந்தத் தலைவர் மட்டும் பிறகு என்னிடம் வரவேயில்லை. ஸ்டாப்பர் பேக் அவர்கள் சொன்ன துவையல் முறைகள் அத்தனையும் சரி. ஆனால் ‘எப்படித் துவைத்தீர்கள்’ என்பது எங்கள் தொழிலில் முதலில் எடுத்து நீட்டும் கேடயம். நானே நீட்டியிருக்கிறேன்.

இன்னொன்று, பில்லில் அப்படி அச்சிட்டிருப்பது செல்லாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதே முறையற்ற வணிகம். பில்லில் காலக்கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள். உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது. கடையில் கேட்கவில்லையென்றால் 1915 என்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள்.

மதுரை தையல்:

நான் ஜெர்சி வாங்கியதில்லை. தம்பி பிள்ளைகளுடையதைத் தைத்துத் தருவேன், அவ்வளவுதான். ஒரு முறை பள்ளி அணிப் பெண் ஒருத்தி ‘7’ பாதி உரிந்த ஜெர்சியோடு வந்தாள். பசை போட்டுப் பார்த்திருக்கிறாள், துணி விறைத்துப்போயிருந்தது. எண்ணைச் சுற்றி நெருக்கமாகக் கைத்தையல் போட்டுக் கொடுத்தேன். ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. மறு வாரம் வந்து, கோல் அடித்ததாகச் சொல்லிவிட்டு ஓடினாள். பெயர் கேட்க மறந்துவிட்டேன், அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

ஒட்டிய எண், தைத்த சின்னம் என்று யாரும் குறைவாக நினைக்க வேண்டாம். 1986 உலகக் கோப்பைக் காலிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக மரடோனா போட்டிருந்த நீல ஜெர்சி மெக்சிகோ நகரத்துக் கடை ஒன்றில் அவசரமாக வாங்கியது. சின்னத்தைக் கையோடு தைத்தார்கள், வெள்ளி நிற எண்ணைச் சூடு வைத்து ஒட்டினார்கள். 2022இல் அது ஏலத்தில் 71 லட்சம் பவுண்டுக்குப் போனது.

புள்ளியைத் தைத்துவிடலாம். எண்ணின் நிறத்திலேயே எம்பிராய்டரி நூல், மெல்லிய ஊசி. துணி சுருங்காமல் இருக்க அடியில் ஒரு மெல்லிய துண்டு கொடுத்துப் போடுங்கள். துவைத்தாலும் வராது.

வடசென்னைக்காரன்:

நேற்று மறுபடி போனேன். இருபத்திரண்டாவது நாள். பில்லை எடுத்துக்கொண்டு, சட்டத்தின் ஆண்டையும் 30 நாளையும் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். முதலாளி இல்லை. அச்சு அடிக்கும் பையன் மட்டும் இருந்தான், இருபது வயதிருக்கும். திருப்பூர்க்காரர் எழுதியதைக் கைபேசியில் காட்டினேன். முழுவதும் படித்தான். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு இழுப்பறையிலிருந்து கழிவுப் படலத்தை எடுத்து, புள்ளியைக் கொஞ்சம் பெரிதாக வெட்டினான். ஜெர்சியின் கழுத்தை மேடைக்கு வெளியே தொங்கவிட்டான். மகன் தானாகவே ஜெர்சியைக் கொடுத்துவிட்டு, பலகை இறங்கி ஏறும்வரை வாய்க்குள்ளேயே நொடிகளை எண்ணிக்கொண்டு நின்றான்.

புள்ளி முன்பைவிடப் பெரிதாக இருக்கிறது. தூரத்திலிருந்தே தெரிகிறது. பணத்தைத் திருப்பிக் கேட்கத்தான் போனேன், கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று மனைவி சொல்கிறாள். ஞாயிற்றுக்கிழமை முதல் துவையல். பிடித்து நிற்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன். மதுரை அக்கா, நீங்கள் சொன்ன நூலையும் வாங்கி வைத்திருக்கிறேன்.