வெஸ்ட் ஆக்லாந்து: லிப்டன் கிண்ணத்தை வென்ற சுரங்கத் தொழிலாளர் அணி

மலையகவாசி கேட்டது:

ஹப்புத்தளையில் 'லிப்டன் சீட்' என்று அழைக்கப்படும் மலைமுனையைப் பார்த்துத் திரும்பியபோது, உடன் வந்த உறவினர் ஒருவர், தேயிலை வணிகரான தோமஸ் லிப்டன் ஓர் உதைபந்தாட்டக் கிண்ணத்தையும் வழங்கியதாகவும், அதை இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் இத்தாலியின் ஜுவென்டஸ் அணியைத் தோற்கடித்து வென்றதாகவும் கூறினார். அது உண்மையா? அந்தக் கழகம் இன்றும் இருக்கின்றதா?

வடதிசை எழுதியது:

உண்மைதான். அந்தக் கழகம் வெஸ்ட் ஆக்லாந்து. வடகிழக்கு இங்கிலாந்தின் டர்ஹம் மாவட்டத்தில், பிஷப் ஆக்லாந்து நகரை ஒட்டிய சிற்றூரின் அணி. 1909 ஈஸ்டர் விடுமுறையில் இத்தாலியின் டூரின் நகரில் நடந்த போட்டிக்கு இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் அணி எதையும் அனுப்ப மறுத்துவிட்டது. அந்த இடத்தில் போய் நின்றவர்கள்தாம் இவர்கள். அரையிறுதியில் ஸ்டட்கார்ட் அணியையும் இறுதியில் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் அணியையும் தலா 2-0 என்று வென்றார்கள். 1911இல் மறுபடியும் சென்று, சூரிக்கை 2-0 என்றும் ஜுவென்டஸை 6-1 என்றும் தோற்கடித்தார்கள். இரண்டு முறையும் வென்றதால் கிண்ணம் அவர்களுக்கே உரியதாயிற்று.

'வுல்விச் ஆர்சனல்' (இன்றைய ஆர்சனல்) அணிக்குச் சேர வேண்டிய அழைப்பு, ஆங்கில முதலெழுத்துகள் (W.A.) ஒன்றாக இருந்ததால் தவறி இவர்களுக்கு வந்துவிட்டது என்றொரு கதையும் சுவையாகச் சொல்லப்படுவதுண்டு.

பழைய பந்து எழுதியது:

அந்த முதலெழுத்துக் கதையை நான் நம்புவதில்லை. 1909இல் ஆள் மாறிவிட்டது என்றே வைத்துக்கொண்டாலும், 1911இல் அழைத்தவர்களுக்கு யாரை அழைக்கிறோம் என்பது நன்றாகவே தெரிந்திருந்தது. இதை 'முதல் உலகக் கோப்பை' என்று எழுதுபவர்களும் சற்று நிதானிக்க வேண்டும். ஆடியவை கழக அணிகளே; நாடுகளுக்கிடையிலான உலகக் கோப்பை 1930இல் உருகுவேயில்தான் தொடங்கியது. ஜுவென்டஸும் அப்போது தொடங்கிப் பதினான்கே ஆண்டுகள் ஆன கழகம்; இன்றைய பெயரின் கனத்தை அன்றைய ஆட்டத்தின் மேல் ஏற்றிப் பார்ப்பது சரியாகாது. இவ்வளவு சொன்ன பிறகும், ஊதியமின்றி ஆடிய ஒரு சிற்றூர் அணி, வேலை நாள்களின் கூலியை விட்டு, கடலும் கடந்து இருமுறை சென்று வென்றதன் பெருமை எனக்குக் குறைவாகத் தெரியவில்லை.

கிண்ணத்தின் பிற்காலக் கதையில்தான் ஒரு சிறிய கழகத்தின் உண்மையான வரலாறு இருக்கிறது. இரண்டாம் பயணத்தின் கடனைத் தீர்க்க வழியில்லாமல், உள்ளூர் விடுதி ஒன்றின் உரிமையாளரான பெண்மணியிடம் அதை 40 பவுண்டுக்கு அடகு வைத்தார்கள். ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்து, 1960இல் 100 பவுண்டு கொடுத்துத்தான் மீட்க முடிந்தது. பிறகு ஊரின் தொழிலாளர் மன்றத்தில் வைத்திருந்தபோது, 1994 ஜனவரியில் திருடு போனது. அது திரும்பக் கிடைக்கவில்லை. இப்போது இருப்பது அதன் மறுவார்ப்பு.

மலையகவாசி:

இருவருக்கும் நன்றி. எங்கள் தோட்டத்துப் பெரியவர்கள் லிப்டனின் பெயரைக் கொழுந்து எடைபோடும் தராசோடுதான் சேர்த்துச் சொல்வார்கள். அவருடைய கிண்ணத்தை வென்றவர்களும் கூலிக்கு மண்ணுக்கடியில் உழைத்தவர்கள் என்பது எனக்குப் புதிய செய்தி. கழகம் இன்று எந்த நிலையில் ஆடுகின்றது?

வடதிசை:

1889இல் தொடங்கப்பட்ட நார்தர்ன் லீக்கோடுதான் இதன் வரலாறு பெரிதும் பிணைந்திருக்கிறது. இங்கிலாந்தில் மேல் நான்கு பிரிவுகளிலும் சேர்த்து 92 கழகங்கள் ஆடுகின்றன. அவற்றுக்குக் கீழுள்ள அனைத்தையும் 'நான்-லீக்' என்பார்கள். நார்தர்ன் லீக்கின் முதல் பிரிவு அந்த ஏணியில் ஒன்பதாம் படி. ஆனாலும் இவர்கள் லண்டனின் வெம்ப்ளி அரங்கில் மூன்று இறுதியாட்டங்கள் ஆடியிருக்கிறார்கள்: 1961இல் ஊதியமின்றி ஆடுவோருக்கான அமெச்சூர் கோப்பையில் வால்தம்ஸ்டோ அவென்யூவிடம் 2-1, பின்னர் சிறிய கழகங்களுக்காகக் கால்பந்துச் சங்கம் (எஃப்.ஏ.) நடத்தும் எஃப்.ஏ. வேஸ் கோப்பையில் 2012இல் டன்ஸ்டனிடம் 2-0, 2014இல் ஷோலிங்கிடம் 1-0. மூன்றிலும் தோல்விதான். டூரினில் அமைந்த ராசி வெம்ப்ளியில் அமையவில்லை.