மறு: கன்ட்ரோலருக்குத் தமிழ்ச்சொல்: "கட்டுப்படுத்தி" வேண்டாம்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

> கன்ட்ரோலர் – கட்டுப்படுத்தி, கன்சோல் – முனையம், சென்சார் பார் – உணரிப்பட்டை. எதிர்ப்பு இல்லையென்றால் பட்டியலில் ஏற்றிவிடலாம்.

எதிர்ப்பு உண்டு, ஐயா. நம் கலைச்சொல் பட்டியலுக்காகச் சொன்ன இந்த மூன்று சொல்லுக்கும் உண்டு. மடல் சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி எழுதிக்கொண்டிருப்பது ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் செய்த வீ (Wii) என்ற கன்சோலை, அதாவது டிவியோடு இணைத்து வீடியோ கேம் ஆடும் பெட்டியைப் பற்றிய கட்டுரை. அந்தப் பெயரும், ஆடுவதற்குக் கையில் பிடிக்கும் கன்ட்ரோலரும் வெளியானபோது ஆட்டக்காரர்கள் என்ன சொன்னார்கள் என்ற பகுதியில்தான் சொல் கிடைக்காமல் நிற்பதாகச் சொன்னார். நாம் தேடும் சொற்களுக்கான விடை பாதிக்குமேல் அந்தப் பகுதியிலேயே இருக்கிறது என்பது என் எண்ணம். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

2005 செப்டம்பர் 16 அன்று டோக்கியோ கேம் ஷோவில் நின்டெண்டோவின் அன்றைய தலைவர் சட்டோரு இவாட்டா அந்தக் கன்ட்ரோலரை முதலில் காட்டினார். அப்போது கன்சோலுக்கு "ரெவல்யூஷன்" என்ற தற்காலிகப் பெயர்தான். கூடவே ஒரு படமும் ஓடியது. அதில் விளையாட்டுக் காட்சி ஒன்றுகூடக் கிடையாது; ஆடுகிறவர்களை மட்டுமே காட்டினார்கள். ஒருவர் தூண்டில் போடுகிறார், ஒருவர் மேளம் அடிக்கிறார், ஒருவர் பல் மருத்துவர்போல வளைந்து நிற்கிறார். எல்லார் கையிலும் டிவி ரிமோட்டைப் போன்ற ஒரு வெள்ளைக் குச்சி. இரண்டு கையாலும் இறுகப் பிடித்து, இரண்டு கட்டைவிரலாலும் ஆடிப் பழகியவர்களுக்கு அது அதிர்ச்சி. சிலர் கொண்டாடினார்கள், சிலர் நம்பவே மறுத்தார்கள்.

அடுத்த அடி 2006 ஏப்ரல் 27 அன்று விழுந்தது. அன்றுதான் "வீ" என்ற பெயரை அறிவித்தார்கள். "நாம்" என்பதற்கான ஆங்கிலச் சொல்லைப்போல ஒலிக்கும், எழுத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு ஐ-யும் சேர்ந்து ஆடும் இரண்டு பேர் என்று விளக்கம் தந்தார்கள். ஆனால் ஆங்கிலம் பேசும் ஊர்களில் சிறு பிள்ளைகள் சிறுநீருக்குச் சொல்லும் சொல்லும் அதே ஒலிதான். கிண்டல் அன்றைக்கே தொடங்கிவிட்டது. பழைய பெயரையே வைத்திருக்கலாமே என்று புலம்பியவர்கள் ஏராளம். மே மாதம் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த இ3 என்ற வீடியோ கேம் கண்காட்சியில் அதே கருவியைக் கையில் எடுத்துப் பார்க்க மணிக்கணக்கில் வரிசை நின்றது. கன்சோல் நவம்பரில் விற்பனைக்கு வந்தது. மொத்தம் விற்றது 10 கோடிக்கும் மேல்.

காதில் விழுந்த பெயரைப் பிழைக்கவைத்தது கையில் கிடைத்த பொருள். நாம் ஆக்கும் சொல்லுக்கு அந்த வசதி கிடையாது. கோடிக்கணக்கான பெட்டிகளோ விளம்பரமோ அதன் பின்னால் வரப்போவதில்லை. முதல் முறை கேட்கும்போதே காதிலும் நிற்கவேண்டும், கையிலிருப்பதோடும் ஒட்டவேண்டும். என் கவலை முழுக்க இதுதான்.

சரி, இப்போது சொற்களுக்கு வருகிறேன்.

"கட்டுப்படுத்தி" இலக்கணப்படி குற்றமில்லாத சொல். கொதிகலனின் வெப்பத்தை ஒரே அளவில் நிறுத்தும் கருவிக்கு அதுவே சரியான சொல்லும்கூட. தமிழில் கட்டுப்படுத்துவது என்றால் அடக்குவது, ஓர் எல்லைக்குள் நிறுத்துவது. கூட்டத்தைக் கட்டுப்படுத்துவார்கள், சர்க்கரையைக் கட்டுப்படுத்துவார்கள். ஆடுகிறவர் கையிலிருக்கும் பொருள் எதை அடக்குகிறது? அது ஓடவைக்கிறது, குதிக்கவைக்கிறது, சுடவைக்கிறது. "இயக்கி" என்று இன்னொருவர் தனிமடலில் சொன்னார். அது டிரைவர் மென்பொருளுக்கு ஏற்கெனவே போய்விட்டது. "முனையம்" விமான நிலையம், துறைமுகம், கணினி என்று மூன்று இடத்தில் வேலை பார்க்கிறது. நான்காவதாக ஒரு சுமையை ஏற்றவேண்டாம்.

"உணரிப்பட்டை" பற்றி அழுத்தியே சொல்லவேண்டும். அந்தப் பட்டை எதையும் உணர்வதில்லை! டிவிக்கு மேலேயோ கீழேயோ வைக்கிற அந்த மெல்லிய பட்டையின் இரண்டு முனைகளிலும் அகச்சிவப்பு ஒளியை உமிழும் சிறு எல்.இ.டி. விளக்குகள் இருக்கின்றன, வேறொன்றும் இல்லை. கன்சோலிலிருந்து அதற்குப் போகும் கம்பியில் மின்சாரம் மட்டும்தான் போகிறது, தகவல் எதுவும் திரும்பி வருவதில்லை. உணர்வதெல்லாம் கையிலிருக்கும் கருவி. அதன் முன்முனையில் கறுப்புப் பிளாஸ்டிக் சாளரத்துக்குப் பின்னால் ஓர் அகச்சிவப்புக் கேமரா இருக்கிறது. இரண்டு ஒளிப்புள்ளிகள் அதற்குத் தெரியும். புள்ளிகள் எந்த இடத்தில் விழுகின்றன என்பதை வைத்துக் கை எங்கே நீட்டுகிறது என்று கணக்கிடும். புள்ளிகள் சாய்ந்தால் மணிக்கட்டு திரும்பியிருக்கிறது. நெருங்கினால் ஆள் பின்னால் போயிருக்கிறார். பட்டை பழுதானபோது டிவி பக்கத்தில் சற்று இடைவெளி விட்டு இரண்டு மெழுகுவத்திகளை ஏற்றிவைத்து ஆடியவர்கள் உண்டு. சுடரிலும் அகச்சிவப்பு இருப்பதால் கேமராவுக்கு அது போதும்.

ஜானி லீ என்ற ஆய்வாளர் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, 2007இல், இதையே திருப்பிப்போட்டுக் காட்டினார். கருவியைத் திரையருகே வைத்துவிட்டு, விளக்குகளைத் தன் தலையில் மாட்டிக்கொண்டார். தலை நகர நகரத் திரையிலிருந்த காட்சி ஆழத்தோடு மாறியது. உணரி எது, விளக்கு எது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். ஆங்கிலத்தில் வைத்த பெயர் பிழை. அந்தப் பிழையையும் சேர்த்துத் தமிழுக்குக் கொண்டுவந்தால், நம் கட்டுரையைப் படிக்கும் மாணவர் கருவி வேலை செய்யும் விதத்தையே தலைகீழாகப் புரிந்துகொள்வார். "ஒளிப்பட்டை" என்றே எழுதலாம். எளிது, உண்மையும் அதுதான்.

> ஆட்டப்பெட்டி, ஆட்டப்பிடி. சின்னச் சொற்கள், ஜோடியாகவும் இருக்கின்றன. எப்படி?

தம்பி, "பிடி" என்று பார்த்தீர்களே, அது அருமையான கண். ஆட்டக்காரர்கள் ஒரு கன்ட்ரோலரைப் பற்றி முதலில் பேசுவதே அதன் பிடியைத்தான். 2001இல் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் கன்சோலோடு வந்த கன்ட்ரோலர் கைக்கு அடங்கவில்லை என்று குறைப்பட்டார்கள்; ஜப்பானுக்காகச் செய்த சின்ன வடிவமே பிறகு மற்ற நாடுகளுக்கும் வந்தது. 2005இல் சோனி தன் பிளேஸ்டேஷன் 3 கன்சோலுக்கு வளைதடி (பூமராங்) வடிவில் ஒரு கன்ட்ரோலரைக் காட்டியது. அதைப் பார்த்தவர்கள் விட்ட கேலியைக் கணக்கில் வைக்கமுடியாது. அது கடைக்கு வரவேயில்லை.

ஆனால் "ஆட்டப்பிடி" என்பதை வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பாருங்கள். ஆட்டைப் பிடிக்கச் சொல்வதுபோலத்தான் காதில் விழும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒரே நாளில் அதைக் கேலிக்கு எடுத்துக்கொள்வார்கள். வீக்கு நேர்ந்தது அப்படியே இதற்கும் நேரும்; மீட்டுக்கொண்டுவர நம்மிடம் ஒன்றும் இல்லை.

இன்னொன்று, ஜோடி. பெட்டியும் பிடியும் வேகமாகச் சொன்னால் ஒன்றோடொன்று குழம்பும். 2012இல் நின்டெண்டோவிலிருந்தே வந்த வீ யூ என்ற கன்சோலை நினைத்துப் பாருங்கள். பெயர் பழையதை ஒட்டியே இருந்தது. அறிமுகத்தில் எல்லார் கண்ணும் திரை வைத்த அந்தக் கன்ட்ரோலர்மேல் இருந்தது. இது புது கன்சோலா, பழைய வீக்கு வாங்கும் துணைப்பொருளா என்றே பலருக்குத் தெரியவில்லை. ஏறக்குறைய 1.36 கோடியோடு அதன் விற்பனை நின்றதற்கு இந்தக் குழப்பமும் ஒரு காரணம். 2025இல் வந்த கன்சோலுக்கு ஸ்விட்ச் 2 என்று வெறும் எண்ணை ஒட்டி நிறுத்திக்கொண்டார்கள். பெட்டிக்கும் பிடிக்கும் நாமும் தள்ளித் தள்ளியே பெயர் வைப்போம்.

அதனால் கன்ட்ரோலருக்கு நான் முன்வைப்பது "விசைப்பிடி". விசைப்பலகை என்ற சொல் பிள்ளைகள் வரைக்கும் பழகிவிட்டது. பலகையில் விசைகள் இருந்தால் விசைப்பலகை, கைப்பிடியில் இருந்தால் விசைப்பிடி. புதிதாக எதையும் விளக்கவேண்டியதில்லை. கன்சோலுக்கு "ஆட்டப்பொறி". பெட்டி வடிவில் இல்லாத, கையிலேயே வைத்து ஆடுகிறவற்றுக்கும் அது பொருந்தும்.

> எங்கள் வீட்டில் பிள்ளைகள் ரிமோட் என்றுதான் சொல்கிறார்கள். அதையே விட்டுவிட்டால் என்ன?

அக்கா, உங்கள் பிள்ளைகளும் இவாட்டாவும் ஒரே கட்சி. கன்ட்ரோலர் என்று சொல்லாமல் ரிமோட் என்றே சொல்லவேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் அவர். டிவி ரிமோட்டை வீட்டில் எல்லாரும் யோசிக்காமல் எடுப்பார்கள். பொத்தான் நிறைந்த கன்ட்ரோலரை அம்மாவும் தாத்தாவும் தொடத் தயங்குவார்கள். வடிவத்தையும் பெயரையும் சேர்த்தே அந்தத் தயக்கத்தைத் தீர்க்கப் பார்த்தார். ஆகவே "வீ ரிமோட்" என்பது அந்தப் பொருளின் சொந்தப் பெயர். கட்டுரையில் அப்படியே இருக்கட்டும். "வீ" என்ற பெயரையும் "நாம்" என்று மொழிபெயர்க்க வேண்டாம். அது நம் மொழியில் மலரின் ஒரு பருவத்துக்குப் பெயர் என்பது மகிழ்ச்சியான தற்செயல், அவ்வளவே.

ஆனால் பொதுப்பெயர் ஒன்று வேண்டும். கையசைவை உணரும் கருவிகள் அதன்பிறகு மற்ற நிறுவனங்களிலிருந்தும் வந்துவிட்டன. அவற்றுக்கு "வீசுகோல்" என்று சொல்லலாம். எழுதுகோல், அளவுகோல், திறவுகோல் வரிசையில் இயல்பாகப் போய் உட்காரும். உள்ளே இருப்பது அசைவின் வேகமாற்றத்தை அளக்கும் முடுக்கமானி. வேலை வாங்குவது வீச்சு. வீசுவது என்றால் எறிவது என்றும் பொருள் உண்டே என்று கேட்பீர்கள். கையை வீசி நடக்கிறோம், வாளை வீசுகிறோம். எதுவும் கையை விட்டுப் போவதில்லை. வீ வந்த புதிதில் உற்சாகத்தில் வீசியவர்களின் மணிக்கட்டுக் கயிறு அறுந்து கருவி பறந்துபோனது உண்மைதான். 2006 டிசம்பரில் 32 இலட்சம் கயிறுகளைத் தடிமனானதாக மாற்றித் தர முன்வந்தார்கள். அது கயிற்றின் குறை.

நின்டெண்டோவின் ஸ்விட்ச் கன்சோலோடு வரும் ஜாய்-கான் என்ற சிறு கன்ட்ரோலர்கள் இரண்டும் சேர்ந்திருக்கும்போது விசைப்பிடி, பிரித்து ஆளுக்கொன்றாக எடுத்து வீசும்போது வீசுகோல். ஒரே பொருளுக்கு இரண்டு சொல் வருகிறதே என்று தயங்கவேண்டாம், அது செய்யும் வேலையும் இரண்டுதான்.

வீ ரிமோட்டோடு சேர்த்து இடக்கையில் பிடிக்கும் துணைக்கருவியான நன்சக், ஜப்பானின் ஒகினாவாத் தீவு ஆயுதம் ஒன்றின் பெயரை எடுத்துக்கொண்டது. கம்பியால் கோலோடு கட்டியிருப்பதால் வந்த பெயர். சொந்தப் பெயராக விட்டுவிடலாம், விளக்கவேண்டிய இடத்தில் "இணைபிடி" போதும்.

மீதி ஒன்றுதான் எனக்கு முடிவாகவில்லை. கூட்டல்குறி வடிவத்தில் இருக்கும் திசைப் பொத்தான், நின்டெண்டோவின் வடிவமைப்பாளர் குன்பெய் யோக்கோய் 1982இல் டாங்கி காங் கையடக்க ஆட்டத்துக்காகக் கொண்டுவந்தது. ஜப்பானியர் வடிவத்தை வைத்துச் சிலுவைப் பொத்தான் என்ற பொருளில் சொல்கிறார்கள். நாம் வேலையை வைத்து "திசைவிசை" என்போமா, வடிவத்தை வைத்து "கூட்டல்விசை" என்போமா? விசைப்பிடியோடு இரண்டுமே ஒத்துப்போகின்றன. எனக்கு முதலாவதில் சாய்வு. தினமும் ஆடுகிற பிள்ளைகள் வீட்டில் இருப்பவர்கள், இரண்டையும் அவர்களிடம் சொல்லிக் கேட்டுவிட்டு எழுதுங்கள். அதற்குப் பிறகு பட்டியலில் ஏற்றலாம், ஐயா.

அன்புடன்