பி.டி.எஸ். (பல் மருத்துவப் படிப்பு) மூன்றாம் ஆண்டு: மண்டபம் பக்கம் முகாம், முதல் போஸ்டிங். எது முதலில் இடறும்?

உப்பங்காற்று கேட்டது:

பி.டி.எஸ். மூன்றாம் ஆண்டு. அடுத்த வாரம் கிளினிக்கல் போஸ்டிங் (நோயாளிகளிடம் நேரடிப் பயிற்சி) ஆரம்பம். முதல் சுற்றே ஓரல் சர்ஜரி, அடுத்தது பெரியோ (ஈறு சிகிச்சைப் பிரிவு). வாரம் ஒரு நாள் மண்டபம், தங்கச்சிமடம் பக்கம் முகாம். அங்கேயும் எங்கள் பேட்ச்தான். இதுவரை ஃபேண்டம் (பயிற்சிப் பொம்மை) தலையில் மட்டும் வேலை செய்த கைக்கு எது முதலில் இடறும்? கீழ்த்தாடை ப்ளாக் (நரம்பை மரக்கவைக்கும் ஊசி) போட்டும் மரக்கவில்லை என்றால் எப்படி யோசிப்பது? முகாமுக்கு வரும் கடல்தொழில் ஆட்களிடம் எதைக் கேட்காமல் விடக்கூடாது? அண்ணன், அக்காமார் கொஞ்சம் விவரமாகவே சொல்லுங்கள்.

கோரைப்பல் பதில்:

தங்கச்சி, முதலில் இடறுவது கை இல்லை, நாற்காலி. ஃபேண்டம் தலை எச்சில் விழுங்காது, நாக்கைத் தூக்காது, கழுத்தைத் திருப்பாது. உயிருள்ள வாயில் இது மூன்றும் ஒரே நேரத்தில் நடக்கும். அதைச் சமாளிக்க நாம குனிவோம்; குனிந்ததும் கோணம் போயிடும், கோணம் போனால் ஃபோர்செப்ஸ் (பல் எடுக்கும் இடுக்கி) வேரைப் பிடிக்காமல் தலைப்பகுதியைப் பிடிக்கும், பல் உடையும். முதல் மாதத்தில் உடைகிற பற்களில் நிறைய இப்படித்தான் உடையுது, பலம் போதாமல் இல்லை.

மேல்தாடைப் பல்லுக்கு நோயாளியைச் சாய்த்து, மேல் பல்வரிசை தரையோடு ஏறத்தாழ 60 டிகிரி நிற்கிற மாதிரி வைங்க. வாய் உங்க முழங்கை மட்டத்துக்கு இருக்கணும். கீழ்த்தாடைக்கு நாற்காலியை நிமிர்த்தி, இன்னும் தாழ்த்தி, வாய் திறந்ததும் கீழ் பல்வரிசை தரைக்கு இணையாக இருக்கணும். வலது கைக்காரங்க வலது கீழ்க் கடைவாய்க்கு மட்டும் நோயாளிக்குப் பின்னால் நிற்கணும், மற்றதுக்கெல்லாம் முன்னால் வலப்பக்கம். முகாமில் பிளாஸ்டிக் நாற்காலிதான் கிடைக்கும், தலைக்கு அணை இருக்காது. கூட்டாளி ஒருத்தர் பின்னால் நின்று தலையைத் தாங்கட்டும். கீழ்ப் பல் எடுக்கும்போது உங்க இடது கை தாடையைக் கீழிருந்து தாங்கியே ஆகணும், இல்லாட்டி காதோர மூட்டு நாலு நாள் வலிக்கும்.

இனி ப்ளாக். 26 கேஜ், ஒன்றரை அங்குல ஊசி. கட்டைவிரலால் கொரனாய்டு நாட்ச்சை (கீழ்த்தாடை எலும்பின் பின்பகுதி முன்விளிம்பில் இருக்கிற குழிவை) தடவிப் பிடிச்சு கன்னத்தை இழுத்தால் டெரிகோமாண்டிபுலர் ரேஃபே மேலிருந்து கீழே ஒரு வெளிறிய மடிப்பாகத் தெரியும். நாட்ச்சுக்கும் அந்த மடிப்புக்கும் நடுவில்தான் குத்தும் இடம். உயரம் கீழ்ப் பல்வரிசைக்கு மேலே 6 முதல் 10 மி.மீ. சிரிஞ்ச் எதிர்ப்பக்க ப்ரீமோலார் (முன்கடைவாய்ப் பல்) மேல் படுத்திருக்கணும். 20 முதல் 25 மி.மீ. உள்ளே போனதும் எலும்பு தட்டும். 1 மி.மீ. பின்வாங்கி, ஆஸ்பிரேட் பண்ணி (சிரிஞ்சைப் பின்னிழுத்துப் பார்த்து), ரத்தம் வரலைன்னா 1.5 மி.லி.யை ஒரு நிமிஷம் எடுத்து மெதுவாக விடுங்க. வெளியே வரும்போது பாதி வழியில் கொஞ்சம் விட்டால் லிங்குவலும் (நாக்குப் பக்க நரம்பு) மரத்துடும். லாங் பக்கல் (கன்னப் பக்க ஈறுக்கான நரம்பு) தனியாகக் குத்தணும், இதைத்தான் பாதிப் பேர் மறப்பாங்க.

மரக்கலைன்னா எலும்பு எங்கே தட்டுச்சுன்னு யோசிங்க. பாதி ஊசி போவதற்குள் தட்டினால் ரொம்ப முன்னால் இருக்கீங்க. கொஞ்சம் பின்வாங்கி, சிரிஞ்சை முன்பற்கள் பக்கம் திருப்பி, உள்ளே நகர்த்தி, மறுபடி ப்ரீமோலார் மேலே கொண்டுவாங்க. ஊசி முழுக்கப் போயும் தட்டலைன்னா ரொம்பப் பின்னால் இருக்கீங்க. மருந்தை விடவே கூடாது, அங்கே முகத்தை அசைக்கும் நரம்பு ஓடுற பரோடிட் எச்சில் சுரப்பி இருக்கு. விட்டால் அந்தப் பக்கம் கண்ணை மூட முடியாமல் சில மணி நேரம் முகம் கோணிப் போகும். சிரிஞ்சை மோலார் (பின்கடைவாய்) பக்கம் திருப்பி மறுபடி தேடுங்க. எலும்பு சரியான ஆழத்தில் தட்டியும் மரக்கலைன்னா பெரும்பாலும் தாழ்வாகக் குத்தியிருப்பீங்க. அடுத்த ஊசியை அரை சென்டிமீட்டர் மேலே ஏற்றுங்க.

இதெல்லாத்துக்கும் முன்னால், ஐந்து நிமிஷம் காத்திருந்தீங்களா? ஊசி போட்டு ஒரு நிமிஷத்தில் ஃபோர்செப்ஸ் எடுப்பதுதான் பெரிய தப்பு. "வலிக்குதா"ன்னு கேட்காதீங்க, பயத்தில் எல்லாரும் ஆமாம்னு சொல்வாங்க. "கீழ் உதடு தடிச்ச மாதிரி இருக்கா, எந்தப் பக்கம்"னு கேளுங்க. உதடு பாதியாகப் பிரிஞ்சு தடிச்சிருக்குன்னு கையால் காட்டினால் ப்ளாக் விழுந்திருக்கு. உதடு மரத்தும் வெளிப்பக்க ஈறு உறைத்தால் லாங் பக்கல் பாக்கி.

அளவு மனசில் இருக்கட்டும். 2% லிக்னோகெய்ன் (மரக்கவைக்கும் மருந்து) என்றால் ஒரு மி.லி.யில் 20 மி.கி. அட்ரினலினோடு உச்சவரம்பு கிலோவுக்கு 7 மி.கி.; 50 கிலோ ஆளுக்கு 350 மி.கி., அதாவது 17.5 மி.லி. ஆனால் இதய நோயாளிக்கு வரம்பைத் தீர்மானிப்பது அட்ரினலின்: 0.04 மி.கி. அட்ரினலின் 1:80,000 அளவில் கலந்த பாட்டிலில் அது 3 மி.லி.யைச் சற்று தாண்டியதும் தீர்ந்துவிடும்.

தொண்டிக்கரை பதில்:

ப்ளாக் பற்றி மேலே எல்லாமே வந்துவிட்டது. நான் ஹிஸ்டரி (நோயாளியிடம் விவரம் கேட்பது) மட்டும்.

"கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், எப்போது தூங்கினீர்கள்?" இந்த இரண்டு கேள்வியை பி.பி. பார்ப்பதற்கு முன் கேளுங்கள். இரவெல்லாம் கடலில் இருந்துவிட்டுக் கரையேறிய கையோடு நேராக வரிசையில் நிற்பவர்கள் உண்டு. வெறும் வயிறு, தூக்கமில்லை, வெயில். ஊசியைப் பார்த்ததும் வியர்த்து, வெளிறி, சாய்ந்துவிடுவார்கள். அப்படியானால் உடனே படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள், சட்டையைத் தளர்த்துங்கள். சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வந்தவரென்றால் தாழ்சர்க்கரையாக இருக்கலாம். க்ளூக்கோமீட்டர் மேசை மேலேயே இருக்கட்டும். பி.பி. 180/110க்கு மேல் என்றால் அன்று பல் எடுக்கக் கூடாது. ஒரு ஆஸ்பிரின் மாத்திரை மட்டும் சாப்பிடுபவரை நீங்களாக நிறுத்தச் சொல்லாதீர்கள்.

வலியைக் கேட்கும்போது புத்தக வார்த்தை உதவாது. "கூசுதா, குத்துதா, தெறிக்குதா?" "பச்சைத்தண்ணி பட்டா உடனே விட்டுருதா, நின்னு வலிக்குதா?" "ராத்திரி படுத்தா கூடுதா?" தண்ணீர் எடுத்த பிறகும் நின்று வலித்து, இரவில் தானாக எழுப்புகிற வலி என்றால் வெறும் அடைப்போடு தீராது. இதை நோயாளியின் சொல்லிலேயே தாளில் எழுதுங்கள். ஸ்டாஃப் (மேற்பார்க்கும் ஆசிரியர்) கேட்கும்போது அந்தச் சொல்தான் உங்களைக் காப்பாற்றும்.

வெற்றிலை, புகையிலை போடுகிறவரா என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். எந்தப் பக்கம் அடக்குவார், ஒரு நாளைக்கு எத்தனை முறை, இரவு வாயில் வைத்தபடியே தூங்குவாரா என்று கேளுங்கள். பிறகு அந்தப் பக்க உதட்டை முழுவதும் விலக்கி, ஈறும் கன்னமும் சேரும் பள்ளத்தைப் பாருங்கள். துணியால் துடைத்தும் போகாத வெள்ளைத் திட்டு இருந்தால் அன்றே ஸ்டாஃபை அழையுங்கள். வாய் திறப்பை முன்பற்களுக்கு நடுவே ஸ்கேலால் அளந்து எழுதுங்கள். 35 மி.மீ.க்குக் குறைவாக, கன்னத்தில் விரலுக்கு நார்க்கயிறு போலத் தட்டுப்பட்டால் சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ் (வாயின் உள்சதை நாராக இறுகும் நோய்) என்று சந்தேகியுங்கள். இந்தக் கரையில் ஒரு மாணவர் செய்யக்கூடிய பெரிய உதவி எடுத்த பல்லின் எண்ணிக்கையில் இல்லை, அந்தத் திட்டைத் தவறவிடாமல் பார்ப்பதில்தான் இருக்கிறது.

தேதி கொடுப்பதிலும் ஒரு கணக்கு உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு ஆட்கள் கரையில் இருப்பார்கள். கம்ப்ளீட் டென்ச்சருக்கு (முழுப் பல்செட்) ஐந்து முறையாவது வர வேண்டும், அந்தக் கேஸை அப்போது தொடங்கினால் முடியும். நாட்டுப்படகுக்காரர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் நோன்பு மாதத்தில் அவசரமில்லாத பல்லைப் பெருநாளுக்குப் பிறகு தள்ளி எழுதுங்கள். வீக்கம், சீழ் என்று தள்ள முடியாதவர்களுக்கு இரண்டு வேளை மருந்தாக மாற்ற முடியுமா என்று ஸ்டாஃபிடம் கேளுங்கள். நோன்பு திறந்ததும் ஒன்று, சஹர் நேரத்தில் ஒன்று.

பெரியோவுக்கு ஒன்று: "சுத்தம் பண்ணினா பல் ஆடுமாமே" என்று கேட்காத ஆளே இல்லை. காறையை எடுத்த பிறகு காட்டினால் நம்ப மாட்டார்கள். எடுக்கும் முன்பே கண்ணாடியில் கீழ் முன்பற்களின் உள்பக்கத்தைக் காட்டி, "இந்தக் கல்லு அடைச்சிருக்கிற இடம் பின்னாடி இடைவெளியாத் தெரியும், நாலு நாள் கூசும்" என்று சொல்லிவிடுங்கள்.

கூழாங்கல் பதில்:

தண்ணீரைப் பற்றி யாரும் பேசலை. கரையோரத்தில் போர் தண்ணீர் உப்பு. அதில் பல் மாதிரி வார்க்கும் ப்ளாஸ்டர் கலந்தால் கொஞ்ச உப்பே இறுகுவதை வேகப்படுத்தும். வைப்ரேட்டரில் வைப்பதற்குள் கிண்ணத்திலேயே கல்லாகும். 100 கிராம் ப்ளாஸ்டருக்கு 45 முதல் 50 மி.லி., ஸ்டோனுக்கு (இன்னும் கெட்டியான வகை) 28 முதல் 30 மி.லி., நல்ல தண்ணீர் கேனிலிருந்து அளந்து எடுங்க. ஆல்ஜினேட்டுக்கு (வாயில் அச்சு எடுக்கும் பொடி) தண்ணீர் 20 டிகிரி பக்கம் இருக்கணும். வெயிலில் நின்ற கேன் தண்ணீரில் கலக்கினால் ட்ரே வாய்க்குள் போகும் முன்பே இறுகிடும். ஐஸ் பெட்டியில் ஒரு பாட்டில் போதும். டப்பாவை உடனுக்குடன் மூடுங்க, கடற்காற்று ஈரம் பொடியைக் கெடுக்கும்.

ஜி.ஐ.சி. (பல் அடைக்கும் சிமென்ட்) கலக்கும் கண்ணாடிப் பலகையை மட்டும் ஐஸில் வைக்காதீங்க. இந்த ஈரக்காற்றில் மேலே முத்துமுத்தாக வியர்க்கும், அந்த நீர் கலவையில் சேர்ந்தால் அடைப்பு ஒரு வாரத்தில் கையோடு வந்துடும். நிழலில் வைத்த காய்ந்த பலகை போதும். கலவையில் மினுமினுப்பு போயிருந்தால் பல்லில் வைக்காமல் கொட்டிடுங்க.

ஆட்டோகிளேவிலும் (நீராவியில் கருவிகளைக் கிருமி நீக்குவது) காறை எடுக்கும் ஸ்கேலரிலும் டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். உப்புநீரில் கழுவிய ஃபோர்செப்ஸின் கீல் பகுதியில் முதலில் செம்பழுப்புப் புள்ளி வரும். கடைசி அலசலும் நல்ல தண்ணீரில் செய்து, துடைத்துக் காயவைத்து, வாயைத் திறந்தபடி பேக் பண்ணுங்க.

சிப்பி பதில்:

நோயாளிக்குப் போட்ட ஊசி உங்க கையில் குத்தினால்: சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கழுவணும், பிதுக்கக் கூடாது. உடனே ஸ்டாஃபிடம் சொல்லணும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்லது, 72 மணி நேரம் தாண்டக் கூடாது, 28 நாள் சாப்பிடணும். ஹெபடைடிஸ் பி மூன்று டோஸ் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் டைட்டர் (ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளின் அளவு) பார்த்திருக்கணும், 10க்கு மேல் இருக்கணும். போஸ்டிங்குக்கு முன் இதை முடிங்க. மூடியைக் கையில் பிடிச்சு ஊசியை மூடாதீங்க. மேசையில் வைத்து ஒற்றைக் கையால் அள்ளுங்க. ஊசி வெள்ளை டப்பாவுக்கு, எடுத்த பல் மஞ்சள் பைக்கு.

உப்பங்காற்று கேட்டது:

எல்லாருக்கும் நன்றி. இன்னொன்று: பாசி எடுக்கப் போகிற அக்காமார், சங்கு குளிக்கிறவர்கள் பல் எடுத்தால் மறுபடி எப்போது தண்ணீருக்குள் இறங்கலாம்?

கோரைப்பல் பதில்:

நல்ல கேள்வி. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. சொத்தைக்குள்ளோ, அடைப்புக்கு அடியிலோ காற்று சிக்கியிருந்தால் அந்தப் பல் வலிக்கும். அதனால் இவங்களிடம் "முங்கும்போது பல்லு வலிக்குதா, மேலே வரும்போது வலிக்குதா"ன்னு கேளுங்க. மேலே வரும்போது சுருக்குன்னு குத்தினால் பெரும்பாலும் பல்கூழ் அழற்சி. இறங்கும்போது மந்தமாக வலித்தால் செத்த பல்லையும் சைனஸையும் (மேல்தாடைக்குள் இருக்கும் காற்றறை) சேர்த்துப் பாருங்க.

மரக்க ஊசி போட்டு அடைப்பு வைத்தால் 24 மணி நேரம், பல் எடுத்தாலோ அறுவை செய்தாலோ குறைந்தது 7 நாள் முங்கக் கூடாது. மேல் கடைவாய் எடுத்து சைனஸ் திறந்திருக்குன்னு சந்தேகம் வந்தால் ஸ்டாஃப் பார்த்து அனுப்பும் வரை கடல் பக்கமே வேண்டாம். மூக்கைச் சிந்துவதும் கூடாது. எத்தனை நாள் வேலை போகும்னு பல்லை எடுப்பதற்கு முன்பே சொல்லுங்க. ஏழு நாள் கூலி போகும்னு எடுத்த பிறகு தெரிஞ்சால் மூன்றாம் நாளே இறங்கிடுவாங்க. முன்னாடியே தெரிஞ்சால், கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்து அவங்களே தேதி சொல்வாங்க.